சிப்புக்குள் ஒரு கொசுவர்த்திச் சுருள்: ஐசியில் ரெசிஸ்டர், கெபாசிட்டர், காயில் உருவாவது எப்படி?

பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையிலிருந்து வடக்கே, அடையாறு முகத்துவாரத்தைப் பார்த்து நடந்தால் வருவது ஊரூர் ஒல்காட் குப்பம். இந்தக் கரையிலும் சரி, தமிழகத்தின் மற்ற மீனவக் கரைகளிலும் சரி, ஃபைபர் படகில் இன்ஜின், வலை, ஐஸ் பெட்டியோடு இப்போது சகஜமாகிவிட்ட பொருள், உள்ளங்கையில் அடங்கும் ஜிபிஎஸ் கருவி. வலை விட்ட இடம், கடலுக்கடியில் பாறை இருக்கும் இடம், கரைக்குத் திரும்பும் திசை எல்லாம் அதில் பதிவாகியிருக்கும். கரையில் தெரியும் கட்டடத்தையும் மரத்தையும் ஒன்றோடொன்று நேர்வைத்து இடத்தைக் கணிக்கும் பழைய கலை பெரியவர்களிடம் இருக்கிறது. ஆனால் இருட்டிலும் மூடுபனியிலும் கரையே தெரியாதபோது, நம்பி இருப்பது இந்தச் சின்னப் பெட்டியைத்தான்.

அது பிடிக்கும் சிக்னல் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களிலிருந்து வருகிறது. படகுக்கு வந்து சேரும்போது அதன் சக்தி, ஒரு வாட்டின் லட்சம் கோடியில் ஒரு பங்கு. அதிலும் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அவ்வளவு மெலிந்த சிக்னலைச் சுற்றியுள்ள இரைச்சலிலிருந்து பிரித்தெடுக்கும் சிப்பைத் திறந்து நுண்ணோக்கியில் பார்த்தால், கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்களுக்கு நடுவே கொசுவர்த்திச் சுருள் மாதிரி ஒன்று தெரியும். அதுதான் காயில். பக்கத்திலேயே கெபாசிட்டரும் ரெசிஸ்டரும் இருக்கும்.

சிப் என்றாலே டிரான்சிஸ்டர் எண்ணிக்கையைத்தான் எல்லோரும் பேசுகிறோம். 'இத்தனை நானோமீட்டர், இத்தனை நூறு கோடி' என்று செய்தி வரும். ரெசிஸ்டர், கெபாசிட்டர், காயில் மூன்றையும் யாரும் கண்டுகொள்வதில்லை. இவை மின்சாரத்தைப் பெருக்காது, தானாக எதையும் முடிவெடுக்காது. தடுக்கும், சேர்த்துவைக்கும், மாற்றத்தை எதிர்க்கும், அவ்வளவுதான். அதனால் 'பாசிவ்' பாகங்கள் என்று பெயர். கடையில் வாங்கினால் கையில் எடுத்துப் பார்க்கலாம்: வண்ணக் கோடு போட்ட ரெசிஸ்டர், டப்பா மாதிரி கண்டென்சர், செப்புக் கம்பி சுற்றிய காயில். இதையெல்லாம் நகத்தைவிடச் சின்னச் சிலிக்கான் துண்டுக்குள் எப்படிக் கொண்டுபோகிறார்கள்?

பதில்: கொண்டுபோவதில்லை. அங்கேயே வரைகிறார்கள்.

அதற்கு முன் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். "சிப்பெல்லாம் மணல்லதானே செய்றாங்க, அப்போ நம்ம பீச் மணல்ல செய்யலாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. சிலிக்கான் மணலிலும் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் கடற்கரை மணலில் சிப்பித்துகள், உப்பு, கருமணல் எல்லாம் கலந்திருக்கும். தொழிலுக்கு எடுப்பது சுத்தமான குவார்ட்ஸ் கல். அதை மின் உலையில் கரியோடு சேர்த்து உருக்கி, பிறகு பல கட்டங்களில் சுத்தப்படுத்தித்தான் வேஃபர் எனப்படும் வட்டத் தகடுக்கு வருகிறார்கள்.

ஒரு கோடை விடுமுறையில் பிறந்த யோசனை

1958 ஜூலை. அமெரிக்காவின் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில் எல்லோரும் மொத்தமாக விடுமுறையில் போய்விட்டார்கள். புதிதாகச் சேர்ந்த ஜாக் கில்பிக்கு விடுமுறை கிடையாது. காலியான ஆய்வகத்தில் உட்கார்ந்து அவர் யோசித்தது டிரான்சிஸ்டரைப் பற்றி அல்ல; டிரான்சிஸ்டரைச் செய்யத்தான் ஏற்கெனவே தெரியுமே. ரெசிஸ்டரையும் கெபாசிட்டரையும்கூட அதே பொருளில் செய்துவிட்டால், முழுச் சர்க்யூட்டும் ஒரே துண்டில் அடங்கிவிடும் என்பதுதான் அவருடைய யோசனை. இன்றைக்கு இது சாதாரணமாகத் தெரியலாம். அன்றைக்கு, கார்பனில் மலிவாகச் செய்யக்கூடிய ரெசிஸ்டரை விலையுயர்ந்த குறைகடத்தியில் செய்வது வீண்செலவாகவே தெரிந்தது.

செப்டம்பர் 12-ல் அவர் இயக்கிக் காட்டியது சுமார் 11 மில்லிமீட்டர் நீளமுள்ள ஜெர்மானியத் துண்டு. அந்தத் துண்டின் உடலே ரெசிஸ்டர். இருவகைக் குறைகடத்திகள் சந்திக்கும் இடம் கெபாசிட்டர். இணைப்புக்கு மேலே பறக்கும் தங்கக் கம்பிகள். மறுவருடம் ஃபேர்சைல்டு நிறுவனத்தின் ராபர்ட் நாய்ஸ், கம்பிகளுக்குப் பதிலாக உலோகப் படலத்தையே மேலே படியவைத்து இணைக்கும் வழியைச் சொன்னார். இன்றைய சிப் அந்த வழியில் வந்ததுதான். கில்பிக்கு 2000-ல் நோபல் பரிசு கிடைத்தது. நாய்ஸ் 1990-லேயே காலமாகிவிட்டார்.

ரெசிஸ்டர்: டைல்ஸ் எண்ணும் கணக்கு

இப்போதைய சிப்களில் அதிகம் பயன்படுவது பாலிசிலிக்கான் ரெசிஸ்டர். சூடான உலையில் சிலேன் வாயுவைச் செலுத்தினால், வேஃபர்மேல் மெல்லிய சிலிக்கான் படலம் படியும். அதன்மேல் ஒளியால் மாறும் பூச்சைத் தடவி, மாஸ்க் வழியாக ஒளி பாய்ச்சி, வேண்டாத இடத்தை அரித்து எடுத்துவிட்டால் ஒரு பட்டை மிஞ்சும். அதில் போரான் அல்லது பாஸ்பரஸ் அணுக்களைச் செலுத்துகிறார்கள். எவ்வளவு செலுத்துகிறோம் என்பதைப் பொறுத்து தடை கூடும், குறையும். இதே பாலிசிலிக்கான்தான் டிரான்சிஸ்டரின் 'கேட்' ஆகவும் இருக்கிறது. அங்கே தடை குறைவாக இருக்க வேண்டும் என்பதால் மேலே உலோகக் கலவை ஏற்றுவார்கள். ரெசிஸ்டர் வேண்டிய இடத்தை மட்டும் மூடிவைத்து, அந்தக் கலவை படியாமல் காப்பாற்றுவார்கள். தனி உலை, தனிப் பொருள் எதுவும் வேண்டாம்.

இதன் மதிப்பை அளக்கும் முறை அழகானது. படலத்தின் தடிமன் எங்கும் ஒன்றுதான். ஆகவே அதிலிருந்து ஒரு சதுரம் வெட்டினால், அந்தச் சதுரம் பெரிதோ சிறிதோ, தடை ஒன்றாகவே இருக்கும். நீளம் இரட்டித்தால் தடை இரட்டிக்கும், அகலமும் இரட்டித்தால் அது பாதியாகும், இரண்டும் அடிபட்டுப்போகும். அதனால் வடிவமைப்பாளர் தரைக்கு டைல்ஸ் எண்ணுகிற மாதிரி சதுரங்களை எண்ணினால் போதும். ஒரு சதுரத்துக்கு 200 ஓம் என்றால், 10,000 ஓம் ரெசிஸ்டருக்கு 50 சதுரம். பட்டையின் அகலம் 1 மைக்ரான் என்றால் நீளம் 50 மைக்ரான். பத்து லட்சம் ஓம் வேண்டுமென்றால் 5,000 சதுரம், அதாவது 5 மில்லிமீட்டர்! பல சிப்களின் நீளத்தையே அது தாண்டிவிடும். அதனால் பட்டையைப் பாம்பு மாதிரி வளைத்து வளைத்து மடக்குகிறார்கள். வளைவு மூலையில் உள்ள சதுரத்தில் மின்சாரம் குறுக்குவழியில் போவதால், அதை ஏறக்குறைய அரைச் சதுரமாகத்தான் கணக்கில் வைப்பார்கள்.

சிக்கல் எங்கே வருகிறது? அணுக்களின் அளவும் படலத்தின் தடிமனும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறும். 10,000 ஓம் என்று வரைந்தது 8,000-ஆகவோ 12,000-ஆகவோ வந்து நிற்கலாம். ரிச்சி தெருவில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் ரெசிஸ்டரில்கூட 5 சதவீதத்துக்குமேல் பிசகு இருந்தால் நாம் ஒத்துக்கொள்ள மாட்டோம். கோடிகள் கொட்டிக் கட்டிய ஆலையில் 20 சதவீதம் பிசகு!

ஆனால் ஒரே சிப்பில் அடுத்தடுத்து வரைந்த இரண்டு ரெசிஸ்டர்கள் ஒன்றுக்கொன்று ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில், கவனமாக வரைந்தால் அதிலும் பத்தில் ஒரு பங்கில், ஒத்துப்போகும். ஒரே ஈட்டில் வெந்த இட்லி மாதிரி. மாவு புளித்திருந்தால் எல்லா இட்லியும் சேர்ந்துதான் புளிக்கும். ஒன்று மட்டும் வேறு மாதிரி இருக்காது. ஓரத்துக் குழியில் வெந்தது கொஞ்சம் மாறலாம். சிப்பிலும் அதேதான்: அரிக்கும்போது ஓரத்துப் பட்டை சற்று அதிகமாக அரிபடும். அதனால் இரண்டு பக்கமும் எதற்கும் இணைக்காத வெற்றுப் பட்டைகளைச் சும்மா வரைந்து வைப்பார்கள். அடிபடுவது அவையாக இருக்கட்டும் என்று!

"எத்தனை ஓம்?" என்று கேட்காமல் "ஒன்றுக்கு மற்றது எத்தனை மடங்கு?" என்று கேட்கும்படி சர்க்யூட்டை அமைப்பதுதான் ஐசி வடிவமைப்பின் அடிப்படைப் பழக்கம். பாலிடெக்னிக் மாணவர் முதல் ரேடியோ மெக்கானிக் வரை எல்லோருக்கும் தெரிந்த 555 டைமர் இதற்கு நல்ல சாட்சி. ஹான்ஸ் காமென்சிண்ட் 1971-ல் வடிவமைத்த இந்தச் சிப்புக்குள் 5,000 ஓம் ரெசிஸ்டர்கள் மூன்று வரிசையாக இருக்கின்றன. மின்னழுத்தத்தை மூன்றாகப் பங்கிட்டு, மூன்றில் ஒரு பங்கு, மூன்றில் இரண்டு பங்கு என்ற இரண்டு கோடுகளைப் போட்டுத் தருவதுதான் அவற்றின் வேலை. செய்யும்போது மூன்றும் 4,000 ஓமாகப் போனாலும் கவலையில்லை, பங்கு மாறாது. (அந்த மூன்று 5-களால்தான் 555 என்ற பெயர் வந்தது என்று வகுப்பில் சொல்லித் தருவார்கள். வடிவமைத்தவரே அதை மறுத்திருக்கிறார்.)

கவனியுங்கள்: நேரத்தை முடிவுசெய்யும் ரெசிஸ்டரும் கெபாசிட்டரும் 555-க்குள் இல்லை. அவற்றை நாம்தான் வெளியே மாட்ட வேண்டும். காரணம், அங்கே பங்கு போதாது, உண்மையான மதிப்பு வேண்டும். பெரிய கெபாசிட்டரும் வேண்டும். இரண்டுமே சிப்புக்கு ஒத்துவராத சமாசாரம்.

கெபாசிட்டர்: இடத்துக்கு வாடகை

இரண்டு உலோகத் தகடு, நடுவில் மின்சாரம் கடத்தாத படலம். கெபாசிட்டர் என்பது இவ்வளவுதான். சிப்பின் மேல்பகுதியில் இணைப்புக்காக உலோக அடுக்குகள் ஏற்கெனவே பல மாடிகளாக இருக்கின்றன. மேல்மாடி ஒன்றில், மிக மெல்லிய சிலிக்கான் நைட்ரைடு படலத்தை இரண்டு உலோகங்களுக்கு நடுவே வைத்தால் வேலை முடிந்தது. கீழே இருக்கும் சிலிக்கானிலிருந்து தள்ளி இருப்பதால் இதன் தரம் நன்றாக இருக்கும். கூடுதல் மாஸ்க் செலவு வேண்டாம் என்பவர்கள், ஒரே அடுக்கிலேயே இரண்டு கைவிரல்களைக் கோத்த மாதிரி உலோகக் கோடுகளை வரைந்து, பக்கவாட்டில் உருவாகும் கெபாசிட்டன்ஸைப் பயன்படுத்துகிறார்கள். கோடுகள் நெருங்க நெருங்க இது லாபம்.

டிரான்சிஸ்டரின் கேட்டையே கெபாசிட்டராக வைத்துக்கொள்வதும் உண்டு. குறைந்த இடத்தில் நிறையச் சேமிக்கும். ஆனால் அதன் மதிப்பு மின்னழுத்தத்தோடு மாறிக்கொண்டே இருக்கும். ரேடியோ சர்க்யூட் செய்பவர்கள் அந்தக் குறையையே வசதியாக மாற்றிக்கொண்டார்கள்: மின்னழுத்தத்தைத் திருகி அலைவரிசையைப் பிடிக்கலாமே! பழைய வால்வு ரேடியோவில் குமிழைத் திருப்பினால் உள்ளே தகடுகள் சுழலும். இப்போது அந்த வேலையைச் செய்வது இதுதான்.

எல்லாம் சரி, எவ்வளவு சேமிக்கலாம்? ஒரு சதுர மைக்ரானுக்கு 1 ஃபெம்டோஃபாரட் என்று வைத்துக்கொள்வோம். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரைச் சிப்பில் வரைய நூறு கோடி சதுர மைக்ரான் வேண்டும். அதாவது 10 சதுர சென்டிமீட்டர். விரல்நகம் அளவுச் சிப்பில் அதற்கு எங்கே போவது? சிலிக்கானில் இடம் என்பது தி.நகரில் மனை வாங்குகிற மாதிரி. ஒவ்வொரு சதுரத்துக்கும் விலை. ஆகவே சிப்புக்குள் இருப்பவை பெரும்பாலும் பிக்கோஃபாரட் அளவில்தான்.

இடத்தை மிச்சப்படுத்த மேலே அல்லது கீழே போகலாம். மொபைலிலும் கம்ப்யூட்டரிலும் இருக்கும் டிராம் நினைவகம் அப்படிச் செய்கிறது. ஐபிஎம்மின் ராபர்ட் டென்னார்ட் 1968-ல் காப்புரிமை பெற்ற அமைப்பு அது: ஒவ்வொரு பிட்டுக்கும் ஒரு டிரான்சிஸ்டர், ஒரு கெபாசிட்டர். அந்தக் கெபாசிட்டரை ஆழமான குழிக்குள்ளோ உயரமான உருளையாகவோ கட்டுகிறார்கள். சேர்ந்த மின்னூட்டம் கசிந்துகொண்டே இருப்பதால், வழக்கமாக 64 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை திரும்ப நிரப்ப வேண்டும். ஓட்டைக் குடத்தை நிரப்பிக்கொண்டே இருக்கிற மாதிரிதான்.

குடம் என்றதும் இன்னொன்று. கெபாசிட்டரை வைத்தே ரெசிஸ்டரின் வேலையைச் செய்ய முடியும். ஒரு தொட்டியில் ஒரு குடம் மொண்டு அடுத்த தொட்டியில் ஊற்றுகிறோம். இதைத் தொடர்ந்து செய்தால், தூரத்திலிருந்து பார்ப்பவருக்குக் குழாயில் தண்ணீர் போகிற மாதிரிதான் கணக்கு வரும். சின்னக் கெபாசிட்டரை ஸ்விட்ச் மூலம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றி மாற்றி இணைத்தால் அதுவே ரெசிஸ்டர். 1 பிக்கோஃபாரட் கெபாசிட்டரை விநாடிக்கு ஒரு லட்சம் முறை மாற்றினால், ஒரு கோடி ஓம் ரெசிஸ்டருக்குச் சமம். பட்டையாக வரைந்தால் சிப்பையே விழுங்கிவிடும் மதிப்பு, இங்கே சில பத்து மைக்ரானில் முடிந்துவிடுகிறது. 1970-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகம் உள்ளிட்ட இடங்களில் வளர்ந்த இந்த உத்தி, தொலைபேசி இணைப்பகங்களின் வடிகட்டிகளைச் சிப்புக்குள் கொண்டுவந்தது. இதிலும் எல்லாம் பங்குக் கணக்குதான்: கெபாசிட்டருக்குக் கெபாசிட்டர் எத்தனை மடங்கு என்பதே விடை. பாசிவ் பாகங்கள் பற்றிப் படித்ததில் எனக்கு மிகவும் பிடித்த தந்திரம் இது.

காயில்: எல்லோருக்கும் தலைவலி

மூன்றில் கடினமானது காயில். கம்பியை உருளையாகச் சுற்ற முடியாது, சிப் தட்டையானது. அதனால் மேல்மாடியில் இருக்கும் தடித்த உலோக அடுக்கில் கொசுவர்த்தி மாதிரி சுருள் வரைகிறார்கள். உள்முனையை வெளியே கொண்டுவர, கீழ் அடுக்கில் ஒரு சுரங்கப்பாதை. 1990-ல் பெர்க்லியைச் சேர்ந்த நுயென், மேயர் இருவரும் சிலிக்கான் சிப்பிலேயே பயனுள்ள காயில் செய்யலாம் என்று காட்டினார்கள். அதுவரை, சிலிக்கானில் காயில் சரிப்பட்டு வராது என்பதுதான் துறையின் எண்ணம்.

ஏன் அப்படி நினைத்தார்கள்? காயிலின் காந்தப்புலம் கீழே இருக்கும் சிலிக்கானுக்குள்ளும் பாய்கிறது. சிலிக்கான் முழுக் காப்புப் பொருள் அல்ல, அரைகுறையாகக் கடத்தும். அதனால் உள்ளே சுழல் மின்னோட்டம் எழுந்து, சக்தி வெப்பமாக வீணாகும். இண்டக்ஷன் அடுப்பு பாத்திரத்தைச் சூடாக்குகிற அதே விஷயம்தான். இங்கே நமக்கு அது வேண்டாத விருந்தாளி. காயிலின் மின்புலம் சிலிக்கானுக்குள் போவதையாவது, நடுவே ஒரு உலோகத் திரை போட்டு மறைக்கலாம். முழுத் தகடாகப் போட்டால் அந்தத் திரையிலேயே மின்னோட்டம் சுழலும். அதனால் சீப்பு மாதிரி வெட்டுவிட்டுப் போடுகிறார்கள். 1998-ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் விவரித்த வழி இது. இவ்வளவு செய்தும், வெளியே கம்பியில் சுற்றிய நல்ல காயிலின் தரத்தைச் சிப் காயில் தொடுவதில்லை.

நம் ஜிபிஎஸ் கருவிக்கு வருவோம். அது கேட்க வேண்டிய அலைவரிசை 1575.42 மெகாஹெர்ட்ஸ். ஒரு காயிலும் ஒரு கெபாசிட்டரும் சேர்ந்தால் ஒரு குறிப்பிட்ட அலைவரிசைக்கு மட்டும் ஊஞ்சல் மாதிரி ஆடும். 5 நானோஹென்றி காயிலோடு சுமார் 2 பிக்கோஃபாரட் கெபாசிட்டர் சேர்ந்தால் இந்த அலைவரிசை வந்துவிடும். அந்தக் கெபாசிட்டர் பிடிக்கும் இடம் பக்கத்துக்கு 45 மைக்ரான், ஒரு தலைமுடியின் தடிமன் போல. காயில் பிடிப்பதோ பக்கத்துக்குக் கால் மில்லிமீட்டர். பரப்பில் சுமார் 30 மடங்கு. அந்த ஒரு காயிலின் இடத்தில், 180 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில்கூட, சில ஆயிரம் லாஜிக் கேட்டுகளை அடுக்கிவிடலாம்.

சுருங்க மறுக்கும் பாகங்கள்

இங்கேதான் நம் ஊர்க் கணக்கு ஒன்று இருக்கிறது. டிரான்சிஸ்டரை வருடாவருடம் சுருக்கலாம். காயிலைச் சுருக்க முடியாது; அலைவரிசை மாறாதவரை அதன் அளவும் ஏறக்குறைய மாறாது. ஆகவே அதிநவீன ஆலையில், ஒவ்வொரு சதுர மில்லிமீட்டருக்கும் கொள்ளை விலை கொடுத்து, அதில் கொசுவர்த்தி வரைவது எல்லா நேரமும் புத்திசாலித்தனம் அல்ல. ரேடியோ, மின்சாரக் கட்டுப்பாடு, சென்சார் போன்ற வேலைகளுக்குப் பழைய தலைமுறை ஆலைகள் இன்றும் ஓடிக்கொண்டிருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இந்தியாவிடம் இருப்பதும் அப்படியொரு ஆலைதான். பஞ்சாபின் மொகாலியில் உள்ள செமிகண்டக்டர் ஆய்வகம், 1989-ல் தீ விபத்தில் சிதைந்து, மீண்டும் எழுந்து, இன்று 180 நானோமீட்டரில் சிப் செய்கிறது. ஊரூர் ஒல்காட் குப்பத்திலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஐஐடி மெட்ராஸில் வடிவமைத்த 'சக்தி' வகைச் சிப்கள் 2018-ல் அங்கே உருவாயின. விண்வெளிப் பயன்பாட்டுக்காக இஸ்ரோவோடு சேர்ந்து வடிவமைத்து 2025 பிப்ரவரியில் அறிவித்த 'ஐரிஸ்' சிப்பும் அங்கேதான். "உலகம் 3 நானோமீட்டருக்குப் போயாச்சு, நாம இன்னும் 180-லயா?" என்று கேலி செய்பவர்கள், இவை எல்லாம் ஒரே ஓட்டப்பந்தயம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கணினி மூளைக்கு அந்தக் கேலி பொருந்தலாம். ஜிபிஎஸ், நாவிக் சிக்னலை வாங்கும் ரேடியோ பகுதிக்கு, நல்ல காயிலும் நம்பகமான கெபாசிட்டரும் தரும் முதிர்ந்த ஆலை தாராளமாகப் போதும். 2024 மார்ச்சில் குஜராத்தின் தொலேராவில் அடிக்கல் நாட்டிய டாடா ஆலையும் 28 நானோமீட்டரையும் அதைவிடப் பழைய தலைமுறைகளையும்தான் குறிவைக்கிறது.

உப்புக் காற்றும் ரிப்பேரும்

சிப்புக்குள் போன பாகங்களுக்கு ஒரு பெரிய பாதுகாப்பு உண்டு. கடைசியாக மேலே சிலிக்கான் நைட்ரைடு மூடி போட்டு, அதற்குமேல் பிளாஸ்டிக் உறை வார்த்துவிடுகிறார்கள். கடல் உப்பு சுலபமாக உள்ளே நுழையாது. ஆனால் எல்லாம் உள்ளே போய்விடவில்லை. மின்சாரத்தைச் சீராக்கும் மைக்ரோஃபாரட் கெபாசிட்டர்கள், துல்லிய நேரம் தரும் குவார்ட்ஸ் கிரிஸ்டல், ஆன்டெனா இணைப்பு எல்லாம் இன்னும் வெளியே, சர்க்யூட் போர்டில்தான் இருக்கின்றன. ரப்பர் வளையம் தளர்ந்து உப்புத்தண்ணீர் கசிந்தால் முதலில் பச்சை பூப்பது இந்த இடங்களில்தான்.

கடலில் நனைந்து நின்றுபோன கருவியை என்ன செய்யலாம் என்பதையும் இதுவே தீர்மானிக்கிறது. முதலில் பேட்டரியைக் கழற்ற வேண்டும். உப்பு ஈரத்தோடு மின்சாரம் ஓடினால் செப்பு வேகமாக அரிக்கும். போர்டை நல்ல தண்ணீரிலும் பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலிலும் கழுவி முழுக்கக் காயவைத்த பிறகு, மெக்கானிக் பார்ப்பது பேட்டரி முனை, ஆன்டெனா இணைப்பு, மின்வழியில் ஷார்ட் ஆன கெபாசிட்டர் ஆகியவற்றைத்தான். இவற்றில் ஏதாவது போயிருந்தால் சில ரூபாய் பாகத்தை மாற்றிக் கருவியைப் பிழைக்கவைத்துவிடலாம். மின்சாரம் கொடுத்ததும் சிப்பே விரல் வைக்க முடியாத அளவுக்குச் சுட்டால் கதை வேறு. உள்ளே போனது ஒரு ரெசிஸ்டராகவே இருந்தாலும் அதை மட்டும் எடுத்து மாற்ற வழியில்லை. முழுச் சிப்பையும் மாற்ற வேண்டும், அது கிடைக்காவிட்டால் முழுப் போர்டையும்.